களிகூரச் சொன்னார்கள், நான் மொழிபெயர்த்தேன்

மேடையில் நின்றவர் மூன்றாம் முறையாகத் துள்ளினார். நான் துள்ளவில்லை. பிரசங்கியாரின் பேச்சைத்தான் மொழிபெயர்க்க வேண்டும், முழங்காலை அல்ல என்பது என் கொள்கை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அந்தக் கொள்கையில் இன்னும் உறுதியாகிவிட்டேன்.

கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் சபை. கீழே ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். அதனால் எங்கள் ஆராதனையில் எப்போதும் புது ரப்பர் வாசனை வரும். ஜெபத்தின் நடுவில் காற்றடிக்கும் இயந்திரம் புஸ்ஸென்று சீறும். புதிதாக வந்தவர்கள் பயந்து கண்ணைத் திறப்பார்கள். பழகியவர்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள்.

அன்றைக்கு எல்லோரும் மஞ்சள் டீ-சட்டையில் இருந்தோம். எங்கள் ஊர்ச் சபைகளில் ஆண்டுக்கு ஒரு வசனம் தேர்ந்தெடுப்பது வழக்கம். அது முதலில் பேனரில் ஏறும். பிறகு காலண்டரில், பிறகு காப்பிக் குவளையில். கடைசியில் மனிதர்கள் மேலேயே ஏறிவிடும். அந்த ஆண்டு வசனம் சங்கீதத்தில் வருகிற ஒன்று: இது ஆண்டவர் உண்டாக்கிய நாள், இதில் மகிழ்ந்து களிகூருவோம் என்று அர்த்தம். மஞ்சள் சட்டையின் முதுகில் அதைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். எனக்கு எல் அளவு தீர்ந்துபோய், டபுள் எக்ஸெல் கொடுத்தார்கள். களிகூருவது என் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

மூன்றாம் வரிசையில் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சுடிதாருக்கு மேல் யாரோ மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலி காலி. அதன்மேல் இன்னொரு மஞ்சள் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது அவர் கணவர் சாமுவேல் அண்ணனுடையது. சட்டை அளவு எழுதும் தாளில் தன் கையாலேயே பெயரையும் அளவையும் எழுதிவிட்டு, சட்டை வருவதற்கு முன் அண்ணன் இறந்துபோனார். அடக்கம் முடிந்து அன்றைக்குப் பதினோராவது நாள்.

வாசலில் சட்டை கொடுத்த பெண் பட்டியலைப் பார்த்து, இரண்டையும் அக்கா கையில் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் பெயர் இருந்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்!

வந்திருந்த விருந்தினர் வெளிநாட்டுக்காரர். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர் துள்ளலை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த அறையில் யாரோ ஒருவர் இன்று சோகமாக இருக்கிறார். எனக்குத் தெரிகிறது."

உலகத்தில் எந்த அறையில் நின்று சொன்னாலும் அது பலிக்கும். நான் மொழிபெயர்த்தேன். எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் ஓடிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னார். விருந்தினர் மைக்கோடு படியிறங்கி நேராக மூன்றாம் வரிசைக்கு நடந்தார். மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே போக வேண்டும். போனேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன், நான் எப்படி இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தவர் பாவம், என் வாய்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி "நீங்கள் ரொம்பத் திமிராக எழுதுகிறீர்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார். அவருக்கு என் நன்றி. இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: கூட்டாதே, குறைக்காதே. சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் அழகாக மொழிபெயர்க்க வேண்டும். அது உன் பொய் அல்ல. சாட்சி "நான் அவனைப் பார்த்தேன்" என்றால் நீயும் "நான் அவனைப் பார்த்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பார்த்தாராம்" என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பவள்தானே என்று சபையிலும் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள், அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். விளைவு என்ன? விருந்தினர் ஆங்கிலத்தில் "நான் ஒரு காலத்தில் குடிகாரனாக இருந்தேன்" என்பார். நான் தமிழில், கணீரென்று, "நான் ஒரு காலத்தில் குடிகாரனாக இருந்தேன்" என்பேன். இருபது ஆண்டுகளில் எத்தனை பிரசங்கிமார்களின் பாவங்களை என் வாயால் அறிக்கையிட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருமுறை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயில்ல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

சபைக்கும் கோர்ட்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கோர்ட்டில் குறுக்கு விசாரணை உண்டு.

ஒரே நாள், நாலு அர்த்தம்

இந்தக் களிகூரும் வசனத்தை மட்டும் எத்தனை பேருக்கு மொழிபெயர்த்திருப்பேன்! கேட்டது, மொழிபெயர்த்தது இரண்டையும் சேர்த்தால் ஒரே வசனத்துக்கு நாலு அர்த்தம் என் கைவசம் இருக்கிறது.

முதல் அர்த்தம் பிரிக்பீல்ட்ஸில் கேட்டது. நான் சிறுமி. அப்பா ரயில்வேயில் வேலை. எங்கள் மெதடிஸ்ட் சபையில் இருந்த வயதான போதகரைப் பொறுத்தவரை 'அந்த நாள்' என்றால் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாளை மனிதனுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டவர் தனக்கென்று உண்டாக்கி வைத்துக்கொண்ட நாள். அதில் மகிழ வேண்டும். எப்படி மகிழ்வது? விளையாடக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, படம் பார்க்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கஞ்சி போட்ட கவுன் தொடையைக் கிழிக்க, அசையாமல் உட்கார்ந்து மகிழ வேண்டும்.

நடுவில் ரயில் போகும். ரயில் போகும்போது போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அது போய்முடியும் வரை எங்கள் அப்பாவின் காலி இடத்தைப் பார்ப்பார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அப்பாவுக்கு ஞாயிறு ஷிப்ட். போதகர் கணக்குப்படி அப்பா பாதி ஆண்டு பாவத்திலேயே இருந்தார். அதே போதகர் ஈப்போவுக்குப் போவதென்றால் ஞாயிறு பிற்பகல் ரயிலில்தான் போவார்.

இரண்டாம் அர்த்தம் கடை திறப்பு அர்த்தம். புது சலூன், புது பேக்கரி, புது கார், எதுவானாலும் போதகர் வந்து இந்த வசனத்தை வாசிப்பார். காரின் முன்மூடி மேல் கையை வைத்து, "இது ஆண்டவர் உண்டாக்கிய நாள்" என்பார். கார் கம்பெனிக்காரன் டெலிவரி கொடுத்த நாள் என்பது வேறு விஷயம். நான் மொழிபெயர்த்துத் திறந்துவைத்த ஒரு சலூன் ஆறே மாதத்தில் மூடியது. மூடிய நாளையும் அவர்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வசனம் வாசிக்க யாரும் போகவில்லை.

மூன்றாம் அர்த்தம் சுபாங் ஜெயா அர்த்தம். அது இப்போதைய மோஸ்தர். ஹோட்டல் மண்டபம், புகை விடும் இயந்திரம், நீல விளக்கு. அங்கே பேசியவர் சொன்னார்: 'அந்த நாள்' என்றால் ஒவ்வொரு நாளும். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, "இன்று நான் மகிழ்ச்சி" என்று ஏழு முறை அறிக்கை செய்ய வேண்டும். முகத்தைத் தொங்கப் போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். கண்ணீர் விட்டால் சாத்தானுக்குக் கதவு திறந்துவிட்டோம் என்று அர்த்தம். மண்டபமே கைதட்டியது. மறுநாள் காலை நானும் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். மூன்றாம் முறையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவகையில் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலாவது அர்த்தம் அம்பாங்கில் கேட்டது. வேதம் கற்பிக்கும் ஒரு பெரியவர், மெலிந்தவர், தொண்டை கட்டியவர், துள்ளத் தெரியாதவர். அவர் சொன்னது இதுதான். அந்த வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள், அதற்கு முன்னால் இருப்பதை வாசியுங்கள். பாடுகிறவன் சுற்றி வளைக்கப்பட்டவன், விழும்படி தள்ளப்பட்டவன், சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவன். கட்டுகிறவர்கள் வேண்டாம் என்று தள்ளிய கல்தான் கடைசியில் மூலைக்கல் ஆனது என்று அவன் பாடுகிறான். அந்தக் கல்லைத்தான் நாம் இயேசு என்கிறோம், அந்த நாளைத்தான் உயிர்த்தெழுந்த நாள் என்கிறோம். கத்தோலிக்கர்கள் அதனால்தான் அதை ஈஸ்டரில் பாடுகிறார்கள். அது தப்பித்து வந்தவன் வாயிலிருந்து வந்த மகிழ்ச்சி. இன்னும் மாட்டிக்கொண்டிருப்பவனுக்குப் போட்ட கட்டளை அல்ல.

அதையும் மொழிபெயர்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. பின் வரிசையில் ஓர் அங்கிள் குறட்டை விட்டார். "போரிங் லா, அடுத்த வாட்டி வேற ஆளைக் கூப்பிடுங்க" என்று ஏற்பாட்டாளரிடம் யாரோ சொன்னார்கள். அவரை மறுபடி கூப்பிடவில்லை. அவர் சொன்னதை நானும் காரில் ஏறும்போதே மறந்துவிட்டேன். எனக்கு வேலை முடிந்தது, பசி.

பலூன் கட்டிய துக்க வீடு

இப்போது சாமுவேல் அண்ணன் இறந்த நாளுக்கு வருகிறேன். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் ஊர் சுற்றினேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அண்ணன் லோரி ஓட்டியவர். பாக்கியம் அக்கா காலையில் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் பெரிய குடையை நட்டு, புட்டு மாயம் விற்பார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், நம் இடியாப்பம்தான், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். சபையில் அண்ணன் பாட்டை எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து எல்லோருக்கும் பின்னால் முடிப்பார். சுருதி எங்கோ அடுத்த ஊர் ஷா ஆலம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அக்கா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவார். மேடையிலிருந்து எனக்கு அது வாராவாரம் தெரியும்.

ஒரு புதன்கிழமை லோரியைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் பாஸ்டர் ஜோஷுவா இளைஞர், சுபாங் ஜெயாவில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், கேட்டால் முழுக்கப் புரியும். ஆனால் பிரசங்கம் என்று வந்தால் ஆங்கிலம்தான். துக்க வீடு என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. 'வாழ்வின் கொண்டாட்டம்' என்று பேனர் கட்டச் சொன்னார். வெள்ளை பலூன்கள் கட்டச் சொன்னார். மின்விசிறியில் பட்டு ஒரு பலூன் வெடித்தபோது, பெட்டி பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு குதி குதித்தார்கள்.

பாக்கியம் அக்கா பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அழுதார். சத்தமாக, வாய்விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவர் போனால் வேறு எப்படி அழுவது?

பாஸ்டர் மைக்கை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "அண்ணன் பரலோகம் போன இந்த நாளும் ஆண்டவர் உண்டாக்கிய நாள். இங்கே அழுகிறவர்கள் அந்த நாளை வேண்டாம் என்று அவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆகவே அழாதீர்கள். கண்ணீரைத் துடைத்துவிட்டு மகிழுங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஆகவே அழாதீர்கள்" என்ற இடத்தில் குரலைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினேன், அவர் உயர்த்தியதால்.

அக்கா தலையைத் தூக்கினார். பாஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு பார்வை. சுடிதார் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். கண்ணாடியில் விழுந்திருந்த ஈரத்தையும் துடைத்தார். அதற்குப் பிறகு அழவில்லை. பெட்டியைத் தூக்கும்போதும் அழவில்லை.

நாலாம் நாள் பார்க்கப் போனேன். அடுப்பு பற்றவைக்காத சமையலறையில் உட்கார்ந்திருந்தார். புட்டு மாயம் பிழியும் கட்டை மேசை மேல் காய்ந்து கிடந்தது. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இங்க அடைக்குது கிரேஸு. தூக்கம் வரல, சோறு எறங்கல. அழுதா சரியாப் போயிடும்னு தோணுது. ஆனா அழுதா கர்த்தர் கோவிச்சுக்குவாராம்மா?"

இல்லை அக்கா என்று சொல்ல ஒரு வினாடி போதும். அம்பாங் பெரியவர் சொன்னது முழுக்க என் தலைக்குள் எங்கோ கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றேன். சொந்தமாக ஒரு வார்த்தை பேசிப் பழகாத வாய் வேறு என்ன சொல்லும்? பாஸ்டரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மஞ்சள் சட்டை வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாம் வரிசை

ஆக, விருந்தினர் மைக்கோடு மூன்றாம் வரிசைக்கு வந்து நின்றார். அவர் பின்னால் நான். கீழே டயர் கடையில் யாரோ நட்டு முறுக்கும் சத்தம்.

"சிஸ்டர், எழுந்திருங்கள்" என்றார். மொழிபெயர்த்தேன். அக்கா எழுந்தார். இளைத்துப் போயிருந்தார், மஞ்சள் சட்டை தோளில் நிற்கவில்லை. காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

விருந்தினர் முழுச் சபையையும் பார்த்துப் பேசினார். இந்தச் சகோதரி கணவரை இழந்திருக்கிறார், உலகம் இவரை அழச் சொல்லும், நாமோ உலகம் அல்ல என்றார். மொழிபெயர்த்தேன். பதினோரு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், இதுவல்லவா விசுவாசம் என்றார். சபை கைதட்டியது. அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு அக்கா பக்கம் திரும்பி, பல் முழுக்கத் தெரியச் சிரித்து, மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார்.

"ஆர் யூ ஹேப்பி, சிஸ்டர்? டெல் தெம் யூ ஆர் ஹேப்பி! இன்று ஆண்டவர் உண்டாக்கிய நாள், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொல்லி, ஒரு துள்ளு துள்ளுங்கள்!"

என் முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார், பெட்டி பக்கத்தில் பார்த்த அதே பார்வை. அவருடைய ஒரு கால் ஏற்கெனவே கொஞ்சம் மடங்கியிருந்தது. சொன்னால் துள்ளியிருப்பார், எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. கணவன் போன பதினோராம் நாள், அவன் சட்டைக்குப் பக்கத்தில் நின்று, நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனுஷி துள்ளியிருப்பார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. விருந்தினர் மேல், பாஸ்டர் மேல், பலூன் மேல், இருபது ஆண்டாகக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்த என் வாய் மேல்.

மைக்கில் சொன்னேன்: "அக்கா, அழணும்னா அழுங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. இந்த நாளையும் அவருதான் உண்டாக்குனாரு, நீங்க அழறதுக்குத்தான்."

அக்கா நாற்காலியில் மடித்திருந்த சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி வந்தது. "யோவ் சாமுவேலு" என்று கூப்பிட்டு அழுதார். நாலு பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். அவர்களும் அழுதார்கள். பதினோரு நாளாக அவர்களும் அடக்கித்தான் வைத்திருந்திருக்கிறார்கள்.

தமிழ் தெரியாத விருந்தினர் ஒரு வினாடி திகைத்தார். அடுத்த வினாடி இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"ஆனந்தக் கண்ணீர்! அல்லேலூயா! மகிழ்ச்சியின் ஆவி இறங்கிவிட்டது!"

இசைக்குழு உடனே பாட்டை ஆரம்பித்தது. அவர் துள்ளினார். மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் நான் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ரெஸ்ட்

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஜோஷுவா தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் புரியும் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா?

"அவர் சொன்னது ஒன்னு, நீங்க சொன்னது ஒன்னு, ஆன்டி."

"ஆமா பாஸ்டர்."

"நீங்க கோர்ட்ல வேலை பாத்தவங்க. இப்படிச் செய்யலாமா?"

"கோர்ட்ல செஞ்சிருந்தா வேலை போயிருக்கும் பாஸ்டர்."

அவர் கெட்டவர் இல்லை. எந்தக் கூட்டத்திலோ கேட்டதை நம்பிவிட்ட பிள்ளை, அவ்வளவுதான். "ஓகே லா ஆன்டி, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

சபைத் தமிழில் 'ரெஸ்ட்' என்றால் அடக்கத்துக்கு முந்திய படி. அன்றிலிருந்து நான் ரெஸ்டில்தான் இருக்கிறேன். பின் வரிசையில் உட்கார்ந்து வேறொருவர் மொழிபெயர்ப்பதைக் கேட்கிறேன். அவள் நன்றாகவே செய்கிறாள். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, பயமாக இருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மஞ்சள் சட்டையில் முகம் புதைத்து அழுகிற அக்காவின் வீடியோவை யாரோ வெட்டி, என் குரல் இருந்த இடத்தில் பாட்டைப் போட்டு, கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். காலை வணக்கத்தோடு அது ஐந்து வாட்சப் குழுக்களில் எனக்கு வந்தது. ஒரு குழுவில் தவறிப்போய் நானே கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டேன்.

குடைக்குக் கீழே

மூன்று வாரம் கழித்து பாசார் பக்கம் அந்தப் பெரிய குடை மறுபடி விரிந்திருந்தது. ஆவி பறக்கும் தட்டு, துருவிய தேங்காயின் ஈர வாசனை. அக்கா கொஞ்சம் தேறியிருந்தார். இரண்டு பொட்டலம் கேட்டேன்.

எனக்குள்ளே ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்ததை மறைக்கப் போவதில்லை. என்னால்தான் இவர் அழுதார், அழுததால்தான் தேறினார், அந்த வார்த்தை பிரசங்கியாருடையது அல்ல, என்னுடையது என்று இவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், அதுதான் பெருந்தன்மை என்று எனக்கு நானே கிரீடம் வைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கு வந்த பிரசங்கியார் உங்களை நல்லா ஆறுதல்படுத்தினாரு, இல்லக்கா?"

அக்கா புட்டு மாயத்தை இலையில் எடுத்து வைத்துக்கொண்டே சிரித்தார்.

"இருவது வருசமா அந்த நாற்காலியில ஒக்காந்து அவங்க சொல்றதையும் கேக்குறேன், நீ சொல்றதையும் கேக்குறேன். ஹேப்பின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அவரு ஹேப்பி ஹேப்பின்னு கத்துறாரு, நீ அழுங்கன்னு சொல்ற."

"தெரிஞ்சேதான் அழுதீங்களா?"

"அவரு யாரு எனக்கு? வந்தாரு, குதிச்சாரு, ஏர்போர்ட்டுக்குப் போனாரு. நீ சொன்ன, அதான் அழுதேன்."

என் கிரீடம் இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தது. அக்கா சர்க்கரையைத் தூவினார். தூவிவிட்டு, கரண்டியை வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப வீட்டுல, பெட்டி பக்கத்துல, அழாதீங்கன்னு சொன்னது?"

"அது பாஸ்டர் சொன்னது அக்கா."

"பாஸ்டரு இங்கிலீஷ்ல சொன்னாரு. தமிழ்ல சொன்னது யாரு?"

கோர்ட்டில் இப்படி ஒரு கேள்வி வந்து சாட்சி விழித்துக்கொண்டு நின்றால், நான் பேனாவை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகக் காத்திருப்பேன். பதில் வர வேண்டியது வேறொருவரிடமிருந்து. அன்றைக்குக் குடைக்குக் கீழே பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

"நான்தான் அக்கா" என்றேன். "தப்புத்தான். மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாம் எல்லோரும் எதிர்பார்ப்பதுதானே? அவர் சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்தையும் மடித்து, ரப்பர் வளையம் போட்டு, என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"பதினோரு நாளு, கிரேஸு" என்றார்.

பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை பொட்டலம் அண்ணே?" என்று கேட்டார்.